லேபிள் வெட்டிய விளையாட்டு

எதிர்ச்சாரி வீடியோ கேசட் கடைக்குப் போலீஸ் வந்த அன்று எங்கள் வீட்டில் இரண்டு பேருக்குச் சோறு இறங்கவில்லை. ஒருவர் சித்தப்பா, இன்னொருத்தி நான். கடைக்காரர் படங்களைக் காப்பி எடுத்து வாடகைக்கு விடுகிறார் என்று யாரோ எழுதிப் போட்டிருந்தார்களாம். கேசட்டுகளைச் சாக்கில் கட்டி ஜீப்பில் ஏற்றினார்கள். பனியன் கம்பெனிகளில் கட்டிங் வேஸ்ட் துண்டுத்துணி கட்டுகிற அதே சாக்கு. கடைக்காரர் ஏறும்போது வேட்டியைச் சரிசெய்துகொண்டு, சாயங்காலத்துக்குள் வந்துவிடுவேன் என்பது போலத் தெருவைப் பார்த்துத் தலையை ஆட்டினார். வந்தும் விட்டார். ஷட்டர்தான் திறக்கவில்லை.

அப்பா மட்டும் நிதானமாகச் சாப்பிட்டார். கை கழுவி, துண்டில் துடைத்தபடி, சித்தப்பாவைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னார்.

"அங்க படம், இங்க கேம்மு. ரெண்டும் காப்பிதான? எனக்கு அந்த வெவரமெல்லாந் தெரியாது. ஆனா நம்மூட்டு வாசல்ல ஜீப்பு வந்து நிக்கறதுக்கு முன்னால எனக்குத் தெரிஞ்சாகோணும், அது திருட்டுச் சரக்கா இல்லியான்னு. திருட்டுச் சரக்குன்னா அடுத்த நாளே பொட்டி ரெண்டையும் எடுத்துப்போட்டு அங்க பவர் டேபிள் போட்டுருவேன்."

பவர் டேபிள் என்றால் தையல் மிஷின்களை வரிசையாகப் பூட்டிய நீள மேசை. திருப்பூர் நல்லூரில் எங்கள் தெருவில் அது இல்லாத முன்னறை எங்களுடையது ஒன்றுதான். இந்தப் பக்கத்து வீட்டிலும் அந்தப் பக்கத்து வீட்டிலும் காலை முதல் ஓவர்லாக் மிஷின் ஓடும். எங்கள் சுவரில் கை வைத்தால் சுவர் பேசும். நடுவில் எங்கள் முன்னறையில் மட்டும் இரண்டு பழைய கம்ப்யூட்டர்கள். சித்தப்பா முன்பு ஒரு எக்ஸ்போர்ட் ஆபீசில் ஷிப்பிங் பேப்பர்கள் டைப் செய்துகொண்டிருந்தார். அவர்கள் புதுசு வாங்கியபோது பழசு இரண்டையும் இவர் எடுத்துக்கொண்டு வேலையையும் விட்டுவிட்டு வந்துவிட்டார். ஒன்று பச்சை எழுத்துத் திரை, மற்றது கலர். மணிக்கு இவ்வளவு என்று காசு வாங்கிக்கொண்டு விளையாட விடுவார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் சாயங்காலம் வருவார்கள். ஞாயிற்றுக்கிழமை நிட்டிங் ஓட்டுகிறவர்கள், செக்கிங் செய்கிறவர்கள், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து லைன் வீட்டில் தங்கியிருக்கிறவர்கள். சித்தப்பா என்னைவிட ஆறேழு வயதுதான் மூத்தவர். அந்த அறையில்தான் அவர் ஒழுங்காக மூச்சு விடுகிறார் என்று எனக்குத் தோன்றும். எனக்கும் அப்படித்தான். நான் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்ந்திருந்தேன். அங்கே ஒரு மிஷினுக்கு நான்கு பெண்கள். இங்கே கூட்டம் கலைந்தபின் முழு கீபோர்டும் என்னுடையது. ஆட்கள் இருக்கும்போது நான் முன்னறைக்குப் போகக் கூடாது என்பது அம்மாவின் சட்டம். சமையலறைக் கதவோரம் நின்று, உள்ளே யார் எந்த லெவலில் சாகிறார்கள் என்று சத்தத்தை வைத்தே சொல்லுவேன்.

"நீதான் படிக்கறவ," என்று அப்பா என் பக்கம் திரும்பினார். "நீ கண்டுபிடி கண்ணு."

ஏதோ கணக்குக்கு விடை கேட்பது போலக் கேட்டுவிட்டுப் போய்விட்டார். நான் அன்று பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன், உட்கார இடம் இருந்தும்.

இந்த இடத்தில் அப்பாவின் தொழிலைச் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் நானும் சித்தப்பாவும் செய்துவைத்திருந்த வேலை யாருக்கும் புரியாது.

அப்பா எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் எடுத்து விற்கிறவர். வெளிநாட்டில் வாங்குகிற பையரின் ஆர்டருக்கு மேல் தைத்த பீஸ், சாயம் ஒரு நூல் மாறிய பீஸ், கப்பல் தவறிய பீஸ் எல்லாம் கம்பெனிகளில் மூட்டையாகத் தங்கும். அதை வாங்கி, தரம் பிரித்து, திருப்பூர் ராயபுரத்துக் கடைகளுக்கும் சுற்று ஊர்ச் சந்தைகளுக்கும் கொடுப்பார். அதில் ஒரே ஒரு விதிதான். கழுத்துப் பட்டியில் இருக்கிற பையர் லேபிளை வெட்டிவிட வேண்டும். துணி நம்முடையது, பேர் அவனுடையது. பேரோடு விற்றால் திருட்டு. பேரை வெட்டிவிட்டால் யோக்கியமான வியாபாரம். எங்கள் வீட்டில் டிவி பார்ப்பது என்றாலே மடியில் டி-ஷர்ட்டும் கையில் பிசிறு வெட்டும் கத்தரியும்தான். லேபிளைப் பிடுங்கக் கூடாது, துணி கிழியும். தையலை ஒட்டி வெட்ட வேண்டும். தையலுக்குள் ஒரு நூலிழை லேபிள் மிச்சம் நிற்கும். ஒருமுறை குண்டடம் சந்தைக்குப் போன மூட்டையில் லேபிள் வெட்டாத பீஸ்கள் கலந்துவிட்டன. அப்பா மொபெட்டை எடுத்துக்கொண்டு போய், சந்தைக் கடையிலேயே உட்கார்ந்து, வாங்கிப் போட்டுக்கொண்டு நின்ற ஒருவரின் கழுத்திலும் கத்தரியை விட்டு வெட்டிவிட்டு வந்தார். அவர் பயந்து போயிருப்பார். அப்பா அதைப் பெருமையாகத்தான் சொல்லுவார்.

இப்போது விளையாட்டுகளுக்கு வருகிறேன். சித்தப்பாவிடம் இருந்தவை எல்லாம் கை மாறி வந்தவை. எம்பிராய்டரி மிஷின் பூட்ட வந்த இன்ஜினியர் ஒருவர் ஆபீஸில் விட்டுப்போன பிளாப்பி டிஸ்க்குகள், கோயம்புத்தூரிலிருந்து ஒரு நண்பர் கொண்டுவந்தவை, யார் கொடுத்தது என்றே தெரியாதவை. நாங்கள் காப்பி எடுத்தோம். கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தோம். ஒரு பிளாப்பியில் அதிக விளையாட்டுகளை அடைக்க வேண்டும் என்பதற்காக, ஓடுவதற்குத் தேவைப்படாத சின்னச் சின்னக் கோப்புகளை அழித்தோம். 'படிக்கவும்' என்று ஆங்கிலத்தில் பேர் வைத்திருக்கும் எழுத்துக் கோப்புகள். சித்தப்பா அவற்றுக்கு வைத்த பேர் கட்டிங் வேஸ்ட்.

அதோடு நின்றோமா? இல்லை. எனக்கு ஒரு எடிட்டர் புரோகிராம் கிடைத்திருந்தது. எந்தக் கோப்பையும் அதில் திறக்கலாம். குப்பையாய்ச் சிதறிக் கிடக்கும் குறிகளுக்கு நடுவில் திடீரென்று வாசிக்கக்கூடிய ஆங்கிலம் தென்படும். அதை மாற்றலாம். ஒரே நிபந்தனை, எழுத்துகளின் எண்ணிக்கை மாறக் கூடாது. மாறினால் ஆட்டம் ஓடாது. எல்லோருக்கும் மிகப் பிடித்த ஒரு விளையாட்டு இருந்தது. தொப்பி போட்ட ஒரு குட்டி ஆள் குகைக்குள் மண்ணைத் தோண்டிக்கொண்டு இறங்கிக் கலர் கற்களைப் பொறுக்குவான். மேலே இருந்து பாறை விழும். அதில் ஆட்டம் முடிந்துவிட்டது என்று வருகிற ஒன்பது எழுத்து இடத்துக்குள் 'போச்சு போ' என்று ஆங்கில எழுத்தில் அடித்தேன். முதல் ஞாயிற்றுக்கிழமை அது திரையில் வந்தபோது முன்னறையில் எழுந்த கூச்சல் ஓவர்லாக் சத்தத்தைத் தாண்டியது. உயிர்களைக் கூட்டினேன். குகையின் வழிகளை நொய்யல் ஆற்றுப் பாலத்துச் சந்துகள் போல மாற்றினேன்.

பிறகு பேர். ஆரம்பத் திரையின் அடியில் அதைச் செய்தவரின் பேர் வரும். ஒரு வெள்ளைக்காரப் பேர். அதை என்ன செய்வது என்று நாங்கள் யோசிக்கவே இல்லை. அடுத்தவர் சரக்கு, நாம் வெளியே கொடுக்கிறோம், அப்படியானால் லேபிளை வெட்ட வேண்டும். அதுதானே முறை? நான் அந்த எழுத்துகளை ஒவ்வொன்றாக வெற்றிடமாக்கினேன். சித்தப்பா பக்கத்தில் நின்று, நம்ம பேரைத் தைக்கவில்லையே, வெட்டத்தானே செய்தோம், நாம் சுத்தம் என்றார். எங்களிடமிருந்து போன ஒவ்வொரு பிளாப்பியிலும் அந்த இடம் காலியாகத்தான் போனது. வேறெந்த ஊரிலாவது யாராவது இப்படிச் செய்திருப்பார்களா என்று எனக்குச் சந்தேகம்தான். திருப்பூரில் இது கை தானாகச் செய்கிற வேலை.

எனவே அப்பா திருட்டுச் சரக்கா என்று கேட்டபோது, இல்லை என்ற பதில் எங்கள் நாக்கு நுனியில்தான் இருந்தது. ஆனால் ஜீப்பைப் பார்த்துவிட்டோம்.

சித்தப்பா தன் கூடப் படித்த வக்கீல் ஒருவரைப் போய்ப் பார்த்தார். படம், பாட்டு, புத்தகம் எல்லாவற்றுக்கும் இருக்கிற பதிப்புரிமைச் சட்டத்தில் கம்ப்யூட்டர் புரோகிராமும் அடக்கம் என்றும், சமீபத்தில் அதை இன்னும் இறுக்கியிருக்கிறார்கள் என்றும் வக்கீல் சொன்னாராம். அப்படியானால் கேம்? கேமும் புரோகிராம்தானே என்றாராம். யார் வந்து பிடிப்பார்கள் என்று கேட்டதற்குச் சிரித்துவிட்டு, தன் மகனுக்கு ஒரு பிளாப்பி வேண்டும் என்றாராம். சித்தப்பா இதைச் சொல்லும்போது சிரிக்கவில்லை. அறைக்குள் போய் மானிட்டர் கண்ணாடியைத் துடைத்தார். துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தார்.

எனக்கு வகுப்பில் இருப்புக் கொள்ளவில்லை. சர்க்யூட் வரைந்த நோட்டின் ஓரத்தில் எல்லாம் கேள்விகள். காப்பி எடுத்தால் தப்பா? மாற்றினால் தப்பா? காசு வாங்காமல் கொடுத்தால்? செய்த கம்பெனியே மூடிப்போயிருந்தால்? யாரிடம் கேட்பது? லேப் மேடம், சிலபஸில் இல்லாததைக் கேட்காதே என்றார்.

கல்லூரி நூலகத்துக்கு ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகை வரும். அதோடு ஒரு வட்டு ஒட்டி வரும். அதை லைப்ரரியன் பூட்டி வைத்திருப்பார். கெஞ்சி வாங்கி, லேபில் போட்டுப் பார்த்தேன். அதில் இருந்த விளையாட்டுகளின் பட்டியலில் ஒரு பேர் எனக்குத் தெரிந்த பேர். ஓட்டினேன். தொப்பி போட்ட ஆள், குகை, கற்கள். கீழே, நான் காலியாக்கிய அந்த இடத்தில், அந்தப் பேர் அப்படியே இருந்தது. நான் வெட்டிய சட்டையை வேறு யாரோ லேபிளோடு போட்டுக்கொண்டு எதிரே வந்து நின்ற மாதிரி இருந்தது.

கூடவே அந்த எழுத்துக் கோப்பும் இருந்தது. எங்கள் கட்டிங் வேஸ்ட். முதல்முறையாகத் திறந்து படித்தேன். சுருக்கம் இதுதான்: இந்த விளையாட்டை யார் வேண்டுமானாலும் காப்பி எடுக்கலாம், யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். இதை மாற்றக் கூடாது. என் பேரை எடுக்கக் கூடாது. இந்தக் கோப்பைப் பிரிக்கக் கூடாது. பிடித்திருந்தால் உங்கள் ஊரின் படம் போட்ட அஞ்சலட்டை ஒன்று அனுப்புங்கள். கீழே ஒரு முகவரி.

மணி அடித்தார்கள். நான் எழவில்லை. எல்லாம் தலைகீழாக இருந்தது. எதை வெட்டினால் யோக்கியம் என்று நினைத்தோமோ அதை மட்டும்தான் வெட்டாதே என்றிருந்தான் அந்த மனுஷன். மற்றதெல்லாம் ஆகும். காப்பியா, எடுத்துக்கோ. ஊருக்கே கொடுக்கணுமா, கொடு. பேரை மட்டும் விட்டுவிடு.

பஸ் இறங்கி ஓடித்தான் வந்தேன். முன்னறையில் ஆட்கள் இருந்தார்கள். அம்மாவின் சட்டத்தை மறந்துபோய் உள்ளே நுழைந்து சித்தப்பாவைக் கூப்பிட்டேன். எழுதிக்கொண்டு வந்ததைத் தமிழில் சொல்லச் சொல்ல அவர் முகம் முதலில் மலர்ந்தது, பிறகு சுருங்கியது.

"காப்பி எடுக்கலாம்னு அவனே சொல்லியிருக்கறானா?"

"ஆமா."

"அப்ப நாம தப்பிச்சோம்."

"இல்ல சித்தப்பா. நாமதான் லேபிள வெட்டிப்போட்டமே."

கலர் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த நிட்டிங் ஆபரேட்டர், தெற்கத்திக்காரர், மானிட்டரிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்: "பேரு கெடக்கட்டும் தம்பி. பேரு இருந்தா பாற விழாதா?"

எல்லோரும் சிரித்தார்கள். எங்களால் முடியவில்லை.

அப்பாவிடம் சாயங்காலம் சொன்னோம். அவர் மடியில் ஒரு மூட்டை நீலச் சட்டைகள். கேட்டுக்கொண்டே வெட்டினார். பாதியில் கத்தரி நின்றது.

"காசு வேண்டாங்கறானா?"

"வேண்டாங்கறாரு. ஊர் படம் போட்ட கார்டு ஒண்ணு மட்டும் கேக்கறாரு."

"காசும் வேண்டாம், பேர மட்டும் வெய்யி, கார்டு போடு. அத வெச்சு அவனுக்கு என்ன ஆவறது?"

எந்தெந்த ஊருக்குத் தன் சரக்கு போயிருக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான் என்று நான் சொன்னேன். அப்பாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. பஸ் ஸ்டாண்டில் யாராவது தன் கை வழியாகப் போன சட்டையைப் போட்டிருந்தால் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடுவார். அம்மாவின் தோளைத் தட்டி, இது நம்மது என்பார். அதை நினைத்தாரோ என்னவோ. நீலச் சட்டையைப் புரட்டி, தையலில் மிச்சம் நின்ற நூலிழையை விரலால் தடவினார்.

"அப்ப திருப்பி எடுக்கோணும்," என்றார். "குண்டடத்துல நான் போய் உக்காந்து வெட்டுனேன்ல. நீங்க போய் உக்காந்து தெச்சுப்போட்டு வாங்க. மத்தது எப்பிடி? மத்ததுக்கும் இவனாட்டம் எழுதி வெச்சிருக்கறானுங்களா?"

அந்தக் கேள்விக்குத்தான் நாங்கள் பயந்துகொண்டிருந்தோம். பத்திரிகையில் தேடினேன், வட்டில் தேடினேன். சில விளையாட்டுகளுக்கு அப்படி அனுமதி இருந்தது. சிலவற்றுக்கு முதல் பகுதியை மட்டும் கொடுக்கலாம், மிச்சத்தைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். ரொம்ப ஓடுகிறவை, கார் ரேஸும் விமானச் சண்டையும், எந்த அனுமதியும் இல்லாத கடைச் சரக்கு. அது சுத்தமாகத் திருட்டுதான். அதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை. நடுவில் தொங்கியவை சில. செய்த கம்பெனி எப்போதோ மூடிவிட்டது, கடையில் கிடைக்காது, கேட்க ஆள் இல்லை. அவற்றுக்காக நான் அப்பாவிடம் வாதாடினேன். பையர் திவாலாகி மூட்டை குடோனில் கிடந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். லேபிள வெட்டி வித்துருவோம் என்றார். அப்படியானால் இதுவும் அதே மாதிரிதானே என்றேன். யோசித்துவிட்டு, அந்தத் துணிக்கு நூல் வாங்குனது திருப்பூர்க்காரன் கண்ணு, இதுக்கு நூலு உன்றதா என்று கேட்டார். இன்றும் அந்தப் பதில் எனக்குத் திருப்தியில்லை. யாருக்கும் பயன்படாமல் ஒரு விளையாட்டு அழிந்துபோவது யாருக்கு லாபம்? சட்டம் எழுதினவர்களிடம் கேட்டால் அவர்களுக்கும் தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

சித்தப்பா அனுமதி இல்லாததை எல்லாம் அழித்தார். நான் வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன். அழிக்க அழிக்க டிஸ்க் கடகடவென்று சத்தம் போட்டது.

பிறகு தைக்கக் கிளம்பினோம். பத்திரிகை வட்டிலிருந்து எடுத்த முழு விளையாட்டு, பேரோடு, எழுத்துக் கோப்போடு, ஒரு கட்டு பிளாப்பியில். அப்பாவின் மொபெட்டில் சித்தப்பா ஓட்ட நான் பின்னால். முதலில் ராயபுரம். அப்பாவிடம் சரக்கு எடுக்கும் பாய் ஒருவர் கடையின் மாடியில் தன் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும், பழைய காப்பியை எடுத்துப் புதுசைப் போட்டுக்கொள்ளச் சொல்லி நாற்காலியை விட்டு எழுந்தார்.

"வெட்டுன லேபிள ஒட்ட வந்த ஆளுங்கள நான் இப்பத்தான் பாக்கறனுங்க," என்றார். "உங்க அப்பாவுக்குத் தெரியுமா கண்ணு?"

அவர்தான் அனுப்பினார் என்றதும் பாய் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சர்பத் வரவழைத்தார். ஆனால் மாடியில் அவர் பிள்ளைகள் அழுதார்கள். புதுக் காப்பியில் 'போச்சு போ' இல்லை, உயிர்களும் குறைவு. எனக்கும் அழுகைதான் வந்தது. என் பாலத்துச் சந்துகளும் அதோடு போயின. மாற்றக் கூடாது என்று அவன் சொன்னது அவனுக்குச் சரி. ஆனால் நான் மாற்றினது நன்றாகத்தான் இருந்தது. இரண்டும் உண்மை. இரண்டையும் ஒரே பிளாப்பியில் வைக்க வழி இல்லை.

ஒவ்வொரு இடமாகப் போனோம். சிலர் மறுத்தார்கள், சிலர் எங்கோ தொலைத்துவிட்டேன் என்றார்கள். நாங்கள் கொடுத்தவர்கள், அவர்கள் கொடுத்தவர்கள் என்று அது எங்கெங்கோ போயிருந்தது. குண்டடத்தில் உரக்கடைக்குப் பக்கத்தில் ஒருவர் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் கம்ப்யூட்டர் வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனோம். அவரை எங்களுக்குத் தெரியாது. திரையில் எங்கள் 'போச்சு போ' ஓடிக்கொண்டிருந்தது. ஆரம்பத் திரைக்குப் போகச் சொன்னேன். நான் காலியாக்கிய இடத்தில் ஒரு பேர் இருந்தது. வெள்ளைக்காரப் பேர் அல்ல. அந்த இன்ஸ்டிட்யூட்டின் பேர்.

"இது யாரு செஞ்சதுங்க?" என்று சித்தப்பா கேட்டார்.

"நம்ம இன்ஸ்டிட்யூட்டுதானுங்க. பேரு போட்டிருக்குது பாருங்க," என்றார் அவர், கொஞ்சமும் கூச்சமில்லாமல். "எடம் சும்மா இருந்துச்சு, போட்டுட்டோம்."

அவர் திரும்பக் கொடுக்கவில்லை. எங்கள் சரக்கைக் குறை சொல்ல நீங்கள் யார் என்று கேட்டார். சித்தப்பா மொபெட்டைத் திருப்பினார். வெங்காயக் காடுகளுக்கு நடுவே காற்று முகத்தில் அறைந்தது. வெட்டின இடம் வெட்டினபடியே நிற்கும் என்று நாங்கள் நினைத்திருந்தோம்.

வீட்டில் சொன்னபோது அப்பாவுக்கு முகம் கறுத்தது. பஜாரில் அவர் வாய்விட்டுத் திட்டுவது லேபிள் வெட்டாதவனை அல்ல. வெட்டின சட்டையில் வேறு லேபிள் தைக்கிறவனைத்தான். அவர் எழுந்து முன்னறைக்குப் போனார். இரண்டு கம்ப்யூட்டரையும் பார்த்தார். சுவருக்குச் சுவர் கை வீசி அளந்தார். பவர் டேபிள் எப்படி வரும் என்று பார்க்கிறார் என்று எங்களுக்குத் தெரிந்துவிட்டது.

"இதுல உன்ற சரக்குன்னு எதாச்சும் இருக்குதாடா?" என்று சித்தப்பாவைக் கேட்டார். "நீயா நூல் வாங்கி நீயா நெஞ்சது?"

"இல்லீங்ணா."

"இருந்தா அறைய விட்டுப்போடலாம்னு பாத்தேன்."

அப்பா சும்மா வாய்வார்த்தையாகச் சொன்னாரா, நிபந்தனையாகச் சொன்னாரா என்று நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை. டேபிள் பூட்ட ஆள் வருவதற்குள் சொந்தமாக ஒரு விளையாட்டு செய்ய வேண்டும் என்று மட்டும் சித்தப்பா சொன்னார். எனக்குப் பாஸ்கல் என்ற புரோகிராம் மொழி கொஞ்சம் தெரியும், அவருக்குப் பொறுமை தெரியும். திரையில் துணி பின்னுகிற நிட்டிங் மிஷின் ஒன்று, மேலே வரிசையாக நூல் கோன்கள். நூல்கள் கீழே ஓடும். எங்காவது அறும். அறுந்த நூலைத் துணியில் ஓட்டை விழுவதற்குள் ஓடிப்போய் முடிய வேண்டும். அவ்வளவுதான் ஆட்டம். முதல் நாள் திரை முழுக்க ஓட்டைதான். பச்சைத் திரையிலும் ஓட வேண்டும் என்பதால் கலரைக் குறைத்தோம். வேகம் கூடும்போது நூல் அறுகிற சத்தத்துக்கு ஒரு 'டிக்' வைத்தோம். இந்த முறை ஆட்டம் முடியும் இடத்தில் 'போச்சு போ' என்று யாரிடமும் கேட்காமல் போட்டேன். அடியில் சித்தப்பா பேர், என் பேர். எழுத்துக் கோப்பும் நானே எழுதினேன். யாரும் காப்பி எடுக்கலாம், கொடுக்கலாம். மாற்றினால் மாற்றியது நீங்கள் என்று எழுதுங்கள். எங்கள் பேரை எடுக்காதீர்கள். பிடித்திருந்தால் நல்லூர் வந்து சொல்லுங்கள்.

அந்த வெள்ளைக்காரருக்கும் அட்டை அனுப்ப வேண்டுமே. திருப்பூர் படம் போட்ட கார்டு கடைகடையாகத் தேடியும் கிடைக்கவில்லை. எல்லாம் சாமி படம், ஊட்டிப் படம். கடைசியில் பனியன் பாக்கெட்டுக்குள் வைக்கும் அட்டையை வெட்டினோம். மீசைக்காரர் ஒருவர் கை மடக்கிக்கொண்டு பனியனில் நிற்பார். பின்னால் ஸ்டாம்ப் ஒட்டி, எங்கள் ஊர் இது என்று எழுதி அனுப்பினோம். சேர்ந்ததா என்று தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை தெற்கத்திக்காரர் வந்து உட்கார்ந்தார். கார் ரேஸ் எங்கே என்றார். இல்லை, இது இருக்கிறது என்றார் சித்தப்பா. ஒரு நிமிஷம் சும்மா பார்த்தார். பிறகு நூல் அறுந்தது. அவர் கை தானாக ஓடியது.

"ஏ, வாரத்துல ஆறு நாளு இதத்தானய்யா பாக்கேன்," என்றார். "ஞாயித்துக்கெழமையுமா?"

ஆனால் எழவில்லை. பின்னால் நின்றவர்கள், இடது கோன், இடது கோன் என்று கத்தினார்கள். அப்பா கதவோரம் நான் வழக்கமாக நிற்கும் இடத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். மறு வாரம் டேபிள் வந்தது. பாதி அறைக்குத்தான் வந்தது. ஜன்னல் பக்கம் கலர் கம்ப்யூட்டர் இருந்தது. பச்சைத் திரையை நான் மாடிக்கு எடுத்துக்கொண்டேன்.

பரீட்சைக்கு முன்னால் கல்லூரி லேபில், பல்லடத்துப் பெண் ஒருத்தி ஒரு பிளாப்பியைப் போட்டு என்னைக் கூப்பிட்டாள். இதப் பாரு, எங்கண்ணன் கொண்டாந்தான், விட்டா எழுந்திரிக்க முடியாது என்றாள். கோன்கள், நூல்கள், டிக். என் முகத்தைப் பார்த்துவிட்டு, உனக்குத் தெரியுமா என்றாள். நான் ஆரம்பத் திரைக்குப் போனேன். அடியில் எங்கள் பேர் இருக்க வேண்டிய இடம் சுத்தமாகக் காலி. எழுத்துக்கு எழுத்து வெற்றிடம். கத்தரி தையலை ஒட்டிப் போயிருந்தது. எழுத்துக் கோப்பு இல்லை.

"யாரு செஞ்சது இது?" என்று அவளையே கேட்டேன்.

"யாரோ வெளிநாட்டுக்காரனாட்டம் இருக்குது."

வீட்டுக்கு வந்து சொன்னேன். டேபிளில் மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. கொஞ்சம் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. சித்தப்பா நாற்காலியில் அப்படியே இருந்தார். அப்பா மூட்டையிலிருந்து நிமிர்ந்து, வேற பேரு எதாச்சும் தெச்சிருக்கறானா என்றார். இல்லை, காலியாகத்தான் இருக்கிறது என்றேன்.

"அப்ப வெட்டுனவன் யோக்கியன்," என்றார் அப்பா. "நம்மூர்க்காரன்தான்."

அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. மனசாரப் பாராட்டினார். சித்தப்பா அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சிரிக்கப் போகிறார் என்று நினைத்தேன். எழுந்து, அலமாரியிலிருந்து எங்கள் பேர் போட்ட ஒரு கட்டு பிளாப்பியை எடுத்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டார்.

"பல்லடத்துல எந்த வீதின்னு கேட்டியா?"

கேட்டிருந்தேன். அவர் மொபெட்டை மிதிக்க ஆரம்பித்திருந்தார்.